சூயஸ்ல கப்பல் மாட்டுனா சேலத்துல பாலம் வேலை ஏன் நிக்குது?

சேலத்துல சிவில் கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. சப்ளை செயின் தடைபட்டா கட்டுமான வேலையும், ரோடு, ரயில், கூட்ஸ் ஷெட்னு சரக்கு போற கட்டமைப்பும் எப்படி பாதிக்குது, எங்கயோ கடல்ல நடக்கிறதுக்கும் நம்ம ஊர் பாலத்துக்கும் என்ன சம்பந்தம், புராஜெக்ட்டுக்கு இதுல எத எடுத்துக்கலாம்னு கேட்டிருந்தார். ரோடு, பாலம் வேலைல சைட்லயும் அப்புறம் பர்ச்சேஸ்லயும் இருந்தவன்ங்கிறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சப்ளை செயின்னு சொன்னதும் எல்லாரும் விலை ஏறிடும்னுதான் சொல்வாங்க. விலை ஏறும், அது உண்மைதான், ஆனா விலைய எப்படியாவது சமாளிச்சிடலாம் தம்பி, பேங்க்ல கேட்கலாம், கிளையன்ட்கிட்ட பேசலாம், லாபத்த விட்டுட்டு வேலைய முடிக்கலாம். பொருள் எப்ப வரும்னே தெரியாம இருக்கிறதுதான் வேலைய கொல்லுது. ஏன்னா சிவில் வேலைல ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது, அதுவும் நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னாடி மூடியாகணும்னு ஒரு கெடு வேற இருக்கு. நடுவுல ஒரு பொருள் பத்து நாள் தள்ளிப்போனா வேலை பத்து நாள் தள்ளிப்போகும்னு நினைக்காதீங்க, மழை குறுக்க வந்துட்டா அது பொங்கல் தாண்டிதான் மறுபடி எந்திரிக்கும்.

ஒரு பாலத்த எடுத்துக்கோங்க. தூண் எழுப்பியாச்சு, அதுக்கு மேல பியர் கேப்ங்கிற கான்கிரீட் தலை போட்டாச்சு, கர்டர்ங்கிற நீள உத்திரமெல்லாம் அத வார்க்கிற காஸ்டிங் யார்டுல ரெடியா அடுக்கி வச்சிருக்கு, ஒவ்வொண்ணும் பல டன் வெயிட்டு. இத தூக்கி வைக்கணும்னா தூணுக்கும் கர்டருக்கும் நடுவுல பேரிங் வேணும். எலாஸ்டோமெரிக் பேரிங்னு பாத்திருப்பீங்க, ரப்பருக்குள்ள இரும்புத் தகடு அடுக்கடுக்கா வச்சு செஞ்ச கட்டை, ஒருத்தர் ரெண்டு பேர் சேந்து தூக்கிடலாம். வெயில்ல பாலம் நீளும், குளிர்ல சுருங்கும், வண்டி ஏறுறப்ப லேசா திரும்பும், அத்தனையையும் வாங்கிக்கிறது அந்த ரப்பர்தான். இத செய்றவங்க நாட்டுலயே கொஞ்ச பேர், டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் வந்தாதான் சைட்டுக்குள்ள விடுவாங்க. அங்க ரப்பர் கலவைக்கோ தகட்டுக்கோ தட்டுப்பாடு வந்து டெலிவரி தேதி தள்ளிப்போச்சுன்னா இங்க கர்டர் யார்டுலயே கிடக்கும், கர்டர் கிடந்தா யார்டுல இடம் இல்ல, இடம் இல்லன்னா அடுத்த கர்டர் வார்க்க முடியாது, மாச வாடகைக்கு எடுத்த பெரிய கிரேன் சும்மா நிக்கும், சென்ட்ரிங் ஆளுங்க வேற சைட்டுக்கு போயிடுவாங்க, ஒருதரம் போனவங்கள திரும்ப கூட்டிட்டு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. மொத்த பாலத்தோட செலவுல பேரிங் ரொம்ப சின்ன பங்குதான், ஆனா அது வராம பாலம் நகராது. பாலத்தோட ரெண்டு துண்டுக்கு நடுவுல வர்ற எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், கான்கிரீட்டோட தன்மைய மாத்த ஊத்துற அட்மிக்சர், கான்கிரீட்டுக்குள்ள இழுத்துக் கட்டுற ஸ்ட்ரெஸ்ஸிங் கேபிள புடிச்சு வைக்கிற ஆங்கர், எல்லாமே இந்த ரகம்தான். எங்க பர்ச்சேஸ்ல அதிகமா தூக்கத்த கெடுத்தது சிமெண்டும் கம்பியும் இல்ல, இந்த மாதிரி சின்ன ஐட்டங்கதான்.

இப்ப கடலுக்கு வருவோம். 2021 மார்ச் 23ல எவர் கிவன்ங்கிற 400 மீட்டர் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்க மாட்டி, 29ஆம் தேதிதான் விடுபட்டுச்சு. ஆறு நாள்தான், ஆனா உலக வியாபாரத்துல சுமார் 12 சதவீதம் போற வழி அது. அதுக்கும் முன்னாடியே கொரோனாவால காலி கன்டெய்னரெல்லாம் தப்பான துறைமுகத்துல போய் உக்காந்திருந்துச்சு, அதுமேல இது. 2023 நவம்பருக்கு அப்புறம் செங்கடல்ல ஏமன் நாட்டு ஹூதி போராளிங்க கப்பல அடிக்க ஆரம்பிச்சதும் பல கம்பெனிங்க ஆப்பிரிக்காவ சுத்தி நன்னம்பிக்கை முனை வழியா போனாங்க, ஒரு பயணத்துக்கு பத்து நாள் ரெண்டு வாரம்னு கூட ஆச்சு. அந்தப் பக்கம் இருந்து வர்ற மிஷின் ஸ்பேர், ஹைட்ராலிக் பார்ட்ஸ் லேட், இந்தப் பக்கம் இருந்து ஐரோப்பா போற ஏற்காட்டு காபியும் லேட். சேலத்துல கடல் இல்லன்னாலும் சென்னை, தூத்துக்குடி, கொச்சி மூணையும் நம்பித்தான் நம்ம பொழப்பு ஓடுது, ஒரு துறைமுகத்துல யார்டு நெரிசலாச்சுன்னா அடுத்த வாரமே சங்ககிரி, நாமக்கல் புக்கிங் ஆபீஸ்ல ரிட்டர்ன் லோடு கிடைக்காம டிரைவருங்க படுத்திருப்பாங்க.

ஸ்டீல் கதைய நம்ம ஊர வச்சே புரிஞ்சுக்கலாம். சேலம் உருக்காலைல செய்றது ஸ்டெயின்லெஸ், அதுக்கு நிக்கல் வேணும். உக்ரைன் சண்டை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல, 2022 மார்ச் 8ஆம் தேதி லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்சுல நிக்கல் டன் ஒரு லட்சம் டாலர தாண்டி வியாபாரத்தையே நிறுத்தி வச்சாங்க. மேட்டூர் பக்கம் பொட்டனேரில இருக்கிற ஜேஎஸ்டபிள்யூ ஆலைக்கு கர்நாடகாவுல இருந்து இரும்புத்தாது வரணும், 2011 ஜூலைல பெல்லாரி சுரங்கங்கள சுப்ரீம் கோர்ட் நிறுத்துனப்ப அந்த கம்பெனியோட ஆலைங்களுக்கே தாது தட்டுப்பாடு ஆச்சு. கட்டடக் கம்பிய எடுத்தா 2020 நடுவுல டன் நாப்பதாயிரத்து சொச்சத்துல இருந்தது 2022 ஏப்ரல்ல எழுபதாயிரத்துக்கு மேல போச்சு, மே மாசம் மத்திய அரசு ஸ்டீல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டு விலைய இறக்க வேண்டியதாச்சு, நவம்பர்ல அத எடுத்தாங்க. இந்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு பஞ்சாயத்து கல்வெர்ட்டோ ஸ்கூல் பில்டிங்கோ எடுத்த சின்ன கான்ட்ராக்டர நினைச்சுப் பாருங்க. பெரிய நேஷனல் ஹைவேஸ் வேலைல விலை ஏற்றத்துக்கு ஒரு ஃபார்முலா இருக்கும், இன்டெக்ஸ வச்சு பில்லுல ஏத்திக் கொடுப்பாங்க, லேட்டா வந்தாலும் வரும். ஒரு வருஷத்துக்குள்ள முடியற சின்ன வேலைங்களுக்கு பெரும்பாலும் அது கிடையாது. ரேட்டு போட்டது போட்டதுதான். அதனாலதான் கம்பி வெளிய நீட்டிட்டு பாதில நிக்கிற கட்டடம் அதிகமா கிராமப்புறத்துல பாக்குறோம், அந்தக் கம்பி ரெண்டு மழை வாங்கி துருப் பிடிச்சா அப்புறம் அத தேய்ச்சு எடுக்காம வேலை தொடரவும் முடியாது. இது எனக்கு நெஜமாவே ஆத்திரம் வர்ற விஷயம். யாரு தோள்ல பலம் கம்மியோ அவங்க தலைலதான் மொத்த பாரத்தையும் இறக்குறோம்.

ஒரு பொருள் நின்னா சம்பந்தமே இல்லாத இன்னொண்ணு ஏன் நிக்குதுன்னு புரிஞ்சுக்க மேட்டூர்தான் நல்ல பாடம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ரேக்கு ரேக்கா ரயில்ல வருது, ரேக்குன்னா ஒரு முழு சரக்கு ரயிலுக்கான வேகன் வரிசை. கரி எரிஞ்சா சாம்பல் வரும், அந்த ஃப்ளை ஆஷ்தான் பிபிசிங்கிற சாம்பல் கலந்த சிமெண்டுல கலக்குறாங்க, 15ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் கலக்கலாம்னு ஐஎஸ் கோடுங்கிற இந்தியத் தர விதியே சொல்லுது. சுத்தி இருக்கிற ஃப்ளை ஆஷ் செங்கல் யூனிட்டுங்களும் அத நம்பித்தான் ஓடுது. 2021 அக்டோபர்லயும் 2022 ஏப்ரல் மே மாசத்துலயும் நாடு முழுக்க நிலக்கரி தட்டுப்பாடு வந்தப்ப, 2022ல கரி ரேக்குக்கு வழி விட நூத்துக்கணக்கான பயணிகள் ரயில் ட்ரிப்ப ரத்து பண்ணாங்க. ரயில்வேல ரேக்கும் இஞ்சினும் பாதையும் ஒரு அளவுதான், கரிக்கு முன்னுரிமைன்னா சிமெண்ட், உரம், அரிசி ரேக்கு பின்னாடி நிக்கணும். ஒரு மூடுன வேகன் ரேக்குல சுமார் 2,600 டன் வரும், அது செவ்வாய்ப்பேட்டை பக்கம் இருக்கிற சேலம் மார்க்கெட் கூட்ஸ் ஷெட்டுக்கு வரலன்னா அவ்வளவு சரக்கும் நூத்துக்கு மேல லாரியா ரோட்டுல வரணும். கரி இல்லாம யூனிட் நின்னா சாம்பலும் இல்ல, சாம்பல் இல்லன்னா சிமெண்ட் கம்பெனி கிளிங்கர, அதாவது சுட்டெடுத்த சிமெண்ட் கட்டிய, இன்னும் அதிகமா போட்டு அரைக்கணும், ஃப்ளை ஆஷ் செங்கல் யூனிட்டும் நிக்கும். ஒடிசால மழை பேஞ்சு சுரங்கத்துல தண்ணி நின்னா ஓமலூர்ல வீடு கட்டுறவருக்கு செங்கல் லேட்டாகும்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா நடக்கக்கூடியதுதான்.

உள்ளூர் தடையையும் லேசா நினைக்காதீங்க. 2025 ஏப்ரல்ல கனிம நில வரி, ராயல்டி பிரச்சனைக்காக தமிழ்நாடு பூரா குவாரியும் கிரஷரும் ஸ்ட்ரைக் போனப்ப சூயஸ் எல்லாம் தேவைப்படல, ஜல்லியும் எம்-சாண்டுங்கிற கல் அரைச்ச மணலும் இல்லாம ஆர்எம்சிங்கிற ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட்டே கம்முனு ஆயிடுச்சு. 2018 ஜூலைல எட்டு நாள் நாடு தழுவிய லாரி ஸ்ட்ரைக், அப்பவும் அதே கதை. 2020 ஊரடங்குல பொருள் இருந்துச்சு, கம்பி கட்டுற பீகார், ஒடிசா, வங்காளத் தம்பிங்க ஊருக்குப் போயிட்டாங்க. கை வேலையும் சப்ளைதான்.

"அப்ப எல்லாத்தையும் முன்னாடியே வாங்கி ஸ்டாக் வச்சுக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. சிமெண்ட் மூட்டைய மூணு மாசம் வச்சா சுமார் 20 சதவீதம் பலம் போயிடும், மழைக்காலத்துல அதுக்கும் மேல. தார் இன்னும் மோசம். தார சூடாவே டேங்கர்ல கொண்டு வந்து சூடாவே டேங்க்ல வச்சிருக்கணும், அடுப்புச் செலவு ஓடிட்டே இருக்கும், அதனால தாரும் ஜல்லியும் சூடா கலக்குற எந்த ஹாட்மிக்ஸ் பிளான்ட்லயும் சில நாளுக்கு மேல இருப்பு இருக்காது. நாட்டோட தார் தேவைல கணிசமான பங்கு வளைகுடால இருந்து கப்பல்ல வருது, கச்சா எண்ணெய் ஆடுனா தார் கூடவே ஆடும்.

இங்கதான் நான் முக்கியமா சொல்ல வந்தது இருக்கு. ரோடு அகலப்படுத்துற வேலைல பழைய ரோட்ட தோண்டி ஜிஎஸ்பிங்கிற அடி ஜல்லி அடுக்கு போட்டு, அதுமேல வெட்மிக்ஸ் போட்டு உருட்டுவாங்க. வெட்மிக்ஸ்ங்கிறது ஜல்லியும் தூளும் தண்ணியும் கலந்து இறுக்குனது, அவ்வளவுதான், அதப் புடிச்சு வைக்க தார் கிடையாது. சீக்கிரமா பிரைம் கோட்ங்கிற மெல்லிய தார் பூச்சு அடிச்சு மேல தார்க் கலவை போட்டு மூடிடணும். விஜி-30ங்கிற ரகத் தார்னா கலவை 150 டிகிரிக்கு மேல பிளான்ட்ல இருந்து கிளம்பி, 140க்கு கொறையாம பேவர்ங்கிற கலவை விரிக்கிற மிஷின்ல இறங்கி, 90 டிகிரிக்கு கீழ ஆறுறதுக்குள்ள ரோலர் முடிச்சிருக்கணும், அதனால டேங்கர் வரலன்னா பாதி கலவை போட்டு மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது. அப்படி டேங்கர் வராத வாரத்துல வெட்மிக்ஸ் மொட்டையா கிடக்கும், டிராஃபிக்க எவ்வளவு நாள் டைவர்ஷன்ல விடுறது, ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க, கடைசில அதுமேலயே வண்டிய விட்டுடுவாங்க. முதல் ரெண்டு நாள் தூசி பறக்கும், அப்ப போறது தூசி இல்ல, ஜல்லிய கட்டிப் புடிச்சிருந்த தூள். அப்புறம் ஜல்லி கழண்டு டயர்ல தெறிக்கும், ஒரு மழை வந்தா தண்ணி உள்ள இறங்கி அடி வரைக்கும் நெகிழ்ந்துடும். தார் வந்து சேரும்போது மேல போட ரோடே இருக்காது, மறுபடி சுரண்டி ஆரம்பிக்கணும். இப்ப அந்த ரோடு பெங்களூர் கன்னியாகுமரி போற தேசிய நெடுஞ்சாலை 44 மாதிரி ஒண்ணா இருந்தா, அதே ரோட்டுலதான் அடுத்த சைட்டுக்கான கம்பியும் சிமெண்டும் வரணும். முதல் தடை ரோட்ட கெடுக்குது, கெட்ட ரோடு அடுத்த தடைய உண்டாக்குது, இந்தச் சுத்தத்தான் எந்த எஸ்டிமேட்லயும் யாரும் கணக்கு போடுறது இல்ல.

லோடு விஷயமும் இதோட சேந்ததுதான். சரக்கு பத்து நாள் தேங்கி திடீர்னு திறந்துவிட்டா வண்டி பத்தாது, இருக்கிற வண்டில அதிகமா ஏத்துவாங்க. ரோடு தேயுறது வெயிட்டுக்கு நேர் விகிதத்துல இல்ல, அச்சு எடையோட நாலாம் அடுக்கு கணக்குல, அதாவது எடை கூடுற மடங்க நாலு தரம் எழுதி பெருக்குற மாதிரி தேயும்னு 1958ல இருந்து 60 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ஆஷோ ரோடு டெஸ்ட்னு லாரிய ஓட்டி ஓட்டியே பாத்து கண்டுபிடிச்சாங்க. ஒரு அச்சுல ஒண்ணரை மடங்கு ஏத்துனா சேதம் அஞ்சு மடங்கு. 2018ல மத்திய அரசே நாலு டயர் ஒத்தை அச்சுக்கான அளவ 10.2 டன்ல இருந்து 11.5ஆ ஏத்துச்சு, கேக்க சின்னதா இருக்கும், நாலாம் அடுக்கு போட்டுப் பாருங்க, சேதம் அறுபது சதவீதம் கூடுது. பழைய அளவுக்கு டிசைன் பண்ண ரோடுங்க அப்படியேதான இருக்கு. தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்துல ஓவர்லோடு வண்டிக்கு பிரேக் புடிக்கலன்னா உயிரும் போகும், 44ம் மணிக்கணக்கா நிக்கும். கணவாய்ல உயர்மட்ட சாலை வேணும்னு இத்தன வருஷமா கேட்டது சொகுசுக்காக இல்ல. சரக்கு வழில கட்டமைப்பே உடைஞ்சா என்ன ஆகும்னு அமெரிக்காவோட பால்டிமோர் காட்டுச்சு, 2024 மார்ச் 26ல டாலிங்கிற கப்பல் மோதி கீ பாலம் விழுந்து ஆறு தொழிலாளிங்க செத்தாங்க, துறைமுக வாய்க்காலும் அடைபட்டு ஜூன்லதான் முழுசா திறந்தாங்க, டன்னல்ல போகக் கூடாத ஆபத்தான சரக்கு லாரிங்க ஊரச் சுத்திப் போக வேண்டியதாச்சு.

ஏற்காடு வேற மாதிரி. அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, டிரெய்லர் ஏறாது. கம்பி 12 மீட்டர் நீளத்துல வரும், அத அடிவாரத்துல ரெண்டா மடக்கியோ வெட்டியோதான் சின்ன லாரில ஏத்தணும். வெட்டுனா மேல போய் மறுபடி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஓவர்லாப் கொடுக்கணும், 16 எம்எம் கம்பிக்கு ஐம்பது டயா, அதாவது கம்பி விட்டத்துல ஐம்பது மடங்குன்னு வச்சா ஒவ்வொரு ஜாயின்டுக்கும் 80 சென்டிமீட்டர் கம்பி கூட. ஜல்லி, சிமெண்ட் எல்லாத்துக்கும் வாடகை தனி. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைல மலைப்பாதைல மண் சரிஞ்சு ரோட்ட மூடுனப்ப மலைக்கு இன்னொரு வழியான குப்பனூர் ரோட்டுலதான் வண்டிய விட்டாங்க, அதுவும் காபிப் பழம் பறிக்கிற சீசன். சரிஞ்ச இடத்துல தடுப்புச்சுவர் கட்டணும்னா பொருள் எந்த வழியா வரணும்? சரிஞ்ச வழியா. இல்லன்னா குப்பனூர் சுத்து. அதனால நான் எப்பவும் சொல்றது, மாத்து வழிய அவசரத்துக்கு மட்டும் நினைக்கக் கூடாது, மெயின் ரோட்டுக்கு ஒதுக்குற மாதிரியே குப்பனூர் ரோட்டுக்கும் வடிகால், கல்வெர்ட், தடுப்புச்சுவர்னு வருஷா வருஷம் பணம் ஒதுக்கணும். ரயில்லயும் அப்படித்தான், 2013ல சேலம் நாமக்கல் கரூர் லைன் வந்தது வெறும் பயணிகளுக்கான லாபம் இல்ல, ஈரோடு பக்கம் அடைபட்டா தெக்க போக இன்னொரு வழி. வடக்க சரக்குக்குன்னே தனிப் பாதை போட்டாங்க, தமிழ்நாட்டுல அப்படி ஒண்ணு இன்னும் இல்ல, இங்க கூட்ஸும் எக்ஸ்பிரஸும் ஒரே தண்டவாளத்துல முட்டி மோதுது.

சைட்ல என்ன செய்யலாம்னா, கான்ட்ராக்ட் கையெழுத்தான வாரமே லீட் டைம் பட்டியல் போடுங்க, விலைய வச்சு வரிசைப்படுத்தாதீங்க, வந்து சேர ஆகுற நாள வச்சு வரிசைப்படுத்துங்க. பேரிங், ஜாயின்ட், ஆங்கர் எல்லாம் மேல வந்துடும், அத அடித்தளத்துக்கு பைல் போட ஆரம்பிக்கும்போதே ஆர்டர் கொடுத்து வாங்கி நிழல்ல வச்சுடலாம், கெட்டுப் போகாது. சிமெண்டுக்கும் எம்-சாண்டுக்கும் ரெண்டாவது சப்ளையர முன்னாடியே மிக்ஸ் டிசைன்ல, அதாவது கான்கிரீட் கலவை அளவுல போட்டு டெஸ்ட் பண்ணி அப்ரூவல் வாங்கி வைங்க, தடை வந்த அப்புறம் கான்கிரீட் கட்டைய 28 நாள் வச்சு உடைச்சுப் பாக்குற கியூப் ரிசல்ட்டுக்கு காத்திருக்க முடியாது. வெட்மிக்ஸ் எவ்வளவு நீளம் திறக்கணும்ங்கிறத கைல இருக்கிற தார் இருப்ப வச்சு முடிவு பண்ணுங்க, மிஷின் சும்மா நிக்குதேன்னு கிலோமீட்டர் கணக்குல திறந்து போடாதீங்க. சின்ன டெண்டர்லயும் கம்பி, சிமெண்ட், தார் மூணுக்காவது விலை ஏற்றத்துக்கு வழி இருக்கணும், இது என்ஜினியர் கைல இல்லாதது, ஆனா கேட்டுக்கிட்டே இருக்க வேண்டியது.

புராஜெக்ட்டுக்கு உலகம் பூரா எடுக்காதீங்க தம்பி. ஏற்காடு ரோட்டுலயோ குப்பனூர் ரோட்டுலயோ சமீபத்துல கட்டுன ஒரே ஒரு தடுப்புச்சுவர எடுங்க. அதுல போன ஒவ்வொரு பொருளும் எங்க இருந்து எந்த ரூட்ல எந்த வண்டில வந்துச்சு, ஆர்டர் போட்ட தேதி என்ன, சைட்ல இறங்குன தேதி என்ன, எந்த நாள் வேலை நின்னுச்சு, அன்னைக்கு எது இல்லாம நின்னுச்சுன்னு சைட் டைரியும் டெலிவரி சலானும் வச்சு ஒரு அட்டவணை போடுங்க. சைட் டைரிக்கு நெடுஞ்சாலைத்துறை செக்‌ஷன் ஆபீஸ்ல காலேஜ் லெட்டரோட போய் கேளுங்க, சலான் கான்ட்ராக்டர்கிட்ட இருக்கும், லாரி டிரைவருங்ககிட்டயும் பேசுங்க, எந்த வளைவுல எத்தன தரம் வண்டிய பின்னாடி எடுத்து திருப்ப வேண்டியிருந்துச்சுன்னு அவங்கதான் சொல்லுவாங்க.